தலைக்கு வட்டம், காலுக்குப் பன்

பாதுகாப்பு அதிகாரி தலையாட்டிய பிறகுதான் கேள்வி அவர் காதில் விழுந்தது.

அது அவருடைய வழக்கம். ஜி.எம். வாயைத் திறந்தால் முதலில் தலையை ஆட்டிவிட வேண்டும். என்ன சொன்னார் என்பதைப் பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் "மழை வரும் போலிருக்கே" என்கிற மாதிரி ஆபத்தில்லாத சங்கதியாகத்தான் இருக்கும். அன்று காலைக் கூட்டத்தில் ஜி.எம். கேட்டது வேறு.

"நம்ம ஆளுங்கள்ல யாருக்குப் படம் வரைய வரும்?"

மேசையைச் சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஒரே சமயத்தில் தேநீர்க் கோப்பைக்குள் குனிந்தன. ஆடிக்கொண்டிருந்த தலை ஒன்றே ஒன்றுதான்.

"சபாஷ்!" என்றார் ஜி.எம். "சொல்லவே இல்லையே நீங்க!"

சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தானே. பள்ளிக்கூடத்தில் அவர் வரைந்த யானையைப் பார்த்துவிட்டு, தையல் மெஷின் தத்ரூபமாக இருக்கிறது என்று வாத்தியார் பாராட்டியிருந்தார். அதற்குப் பிறகு அவர் காகிதத்தில் கோடு போட்டதெல்லாம் கையெழுத்துக்காக மட்டுமே.

அந்த ஆலையில் பிளாஸ்டிக் வாளியும் குவளையும் செய்தார்கள். வாசல் பலகையில் அப்படிப் போடவில்லை. 'நீர் ஏந்தும் கலன்களில் முழுமையான தீர்வுகள்' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சிறுநீரக டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்தவர்கள் உண்டு. பலகையை எழுதியவர் ஜி.எம். எதையும் உள்ளபடி சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

வாளிகளை வார்த்தெடுக்கும் அச்சுக் கூடத்தின் வாசலில் ஒரு கால்வாய் ஓடியது. அச்சுகளைக் குளிரவைத்துவிட்டு வருகிற நீர், தான் கொதித்துக்கொண்டு அதில் போகும். மேலே மூடியிருந்த இரும்புத் தகடு ஆட்டம் கண்டிருந்தது. ஓரத்தில் மிதித்தால் மறு ஓரம் 'டங்' என்று எழுந்துகொள்ளும். ஒருமுறை ஒரு வாளி அதற்குள் விழுந்தது. கொக்கி போட்டு எடுத்தபோது குவளையாக வந்தது. அந்தக் குவளையைப் பார்த்த நாளிலிருந்து பாதுகாப்பு அதிகாரிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஜி.எம்.மிடம் சொல்லிப் பார்த்தார்.

"தகட்ட மாத்தினா அது ரிப்பேர்," என்றார் ஜி.எம். "சுவத்துல படம் போட்டா அது விழிப்புணர்வு. ரிப்பேருக்கு யாராவது விருது குடுத்துப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. தலையாட்டினார்.

அந்தப் படத்தைத்தான் இப்போது அவரே போட வேண்டும் என்று ஆகியிருந்தது. தகட்டுக்கு எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரு கார்ட்டூன் மனிதன். பெயர்கூட ஜி.எம். வைத்துவிட்டார்: மிஸ்டர் பத்திரம்.

"தலையில ஹெல்மெட், கால்ல பூட்ஸ். பாதுகாப்புன்னா தலையும் காலும்தான். நடுவுல இருக்கறது தன்னைத் தானே பாத்துக்கும். அடுத்த வாரம் சேர்மன் வந்து திறந்து வைக்கறாரு. அன்னைக்கே உங்க பர்மனன்ட் ஆர்டர்லயும் கையெழுத்துப் போடச் சொல்லிடறேன்." பிறகு புருவத்தைத் தூக்கினார். "அப்புறம்?"

இந்த 'அப்புறம்'தான் ஆலையையே நடுங்கவைப்பது. அதற்குப் பதில் கிடையாது. எழுந்து போய்விட வேண்டும்.

இவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு கூட்டத்தில் தும்மினார். ஜி.எம். அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார். தும்மினவருக்கு இப்போது வேலையில்லை. ஜலதோஷமும் விடவில்லை என்று கேள்வி.

*

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"பர்மனன்ட் ஆயிடுச்சுன்னு எங்க அம்மாகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேங்க," என்றாள். "எங்க சித்தப்பாகிட்டயும். சித்தப்பாகிட்ட சொன்னா போதுமே, இந்நேரம் கப்பல்ல போறவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"இன்னும் ஆகலையேடி!"

"ஆகப்போவுதில்ல? ஆக்குங்க."

நல்லவேளையாக மச்சினி இருந்தாள். மனைவியின் தங்கை, இவர்கள் சமையலறையையே ஆக்கிரமித்துக்கொண்டு பிறந்தநாள் கேக் செய்து விற்கிறவள். கேக்கின் மேல் க்ரீமால் கரடி, முயல், மூக்குக்கண்ணாடி போட்ட மாமா எல்லாம் வரைவாள். கை கழுவிவிட்டு வந்து, பட்டர் பேப்பரை மேசையில் விரித்தாள்.

"மாமா, இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. ஒலகத்துல இருக்கறது மொத்தமே வட்டம், முட்டை, பன். அவ்வளவுதான்."

"பன்னா?"

"பன்னுதான். கால் இருக்கில்ல? பன்ன ரெண்டா வெட்டிக் கவுத்து வச்ச மாதிரி. அடியில தட்டை, மேல உருண்டை. கீழ ஒரு கோடு இழுத்தா பூட்ஸ். இழுக்காம விட்டா வெறுங்கால்."

"தலை?"

"மொதல்ல ஒரு வட்டம். ஆரஞ்சுப் பழத்துக்கு ரப்பர் பேண்ட் மாட்டற மாதிரி குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. குறுக்குக் கோட்டு மேல கண்ணு. ரெண்டு கோடும் முட்டிக்கற எடத்துல மூக்கு. குறுக்குக் கோட்ட மேல ஏத்தினா ஆளு மேல பாக்கறான். கீழ எறக்கினா..."

"என்னை மாதிரி."

"கரெக்ட். அப்புறம் வட்டத்துக்குக் கீழ தாடை. முட்டைய ஒட்டினா சாது. பெட்டிய ஒட்டினா முரடன். வட்டத்தவிடப் பெரிய வட்டமா ஒட்டினா..."

"ஒட்டினா?"

"நல்லா சாப்பிட்டவன். வரைங்க மாமா, பென்சில் கடிக்காது."

முதல் நாள் வட்டங்கள் வட்டமாக இல்லை. சாலை போடக் கொட்டி வைத்த ஜல்லி மாதிரி இருந்தன. மறுநாள் கொஞ்சம் உருண்டை கண்டது. அதற்கடுத்த நாள் மாலை, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்த ஒரு முழு வட்டம் போட்டார். ரப்பர் பேண்டுகளை மாட்டினார். கண் வைத்தார், மூக்கு வைத்தார், தாடையை ஒட்டினார், புருவத்தை இழுத்தார்.

இழுத்துவிட்டு, நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

பட்டர் பேப்பரிலிருந்து ஜி.எம். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வட்டத்தின் கீழே பெரிய வட்டம். ஒன்றோடொன்று கைகுலுக்கிக்கொள்கிற புருவங்கள். இப்போது 'அப்புறம்?' என்று கேட்டுவிடும்போல் உதடு.

"என்ன மாமா, பாம்பப் பாத்த மாதிரி நிக்கறீங்க? நல்லாத்தானே வந்திருக்கு!"

"இது... இது எங்க ஜி.எம்.!"

"ஐயோ, அவரு இப்படியா இருப்பாரு?" மச்சினி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாவம், நீங்க."

வேறு தாளில் முட்டைத் தாடை வைத்து வரைந்தார். ஜி.எம். இளைத்திருந்தார். பெட்டித் தாடை வைத்தார். ஜி.எம். கோபமாக இருந்தார். மீசை வைத்துப் பார்த்தார். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவில் ஜி.எம்.முக்கு மீசை உண்டு என்பது வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மனிதனே வேண்டாம் என்று பூனை வரைந்தார்.

"மாமா," என்றாள் மச்சினி மெதுவாக, "பூனை எதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேக்கற மாதிரி பாக்குது?"

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "நாள் முழுக்க எந்த மூஞ்சிக்குப் பயந்துட்டு இருக்கோமோ அதுதானே கைக்கு வரும். என் மூஞ்சிய என்னைக்காவது இவ்வளவு கவனமாப் பாத்திருக்கீங்களா?"

அதையும் முயன்று பார்த்தார். தோடு போட்ட ஜி.எம். வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

தலைதான் இப்படி, காலாவது பொதுவான காலாக இருக்கட்டும் என்று பன்னை வெட்டி வைத்தார். அது அதைவிட மோசமாகப் போயிற்று. ஜி.எம். திட்டுகிறபோதெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கீழேதான். அந்தக் கால்கள் அவருக்கு மனப்பாடம். கடிகாரக் கடையில் காட்சிக்கு வைத்த முட்களைப் போல ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும். இடது பூட்ஸின் நுனியில் கொட்டாவி விட்ட மாதிரி ஒரு மடிப்பு. வலதில் ஒரு நாடா மட்டும் நீளமாகத் தொங்கும். நடந்தால் 'ஙீச்' என்று ஓர் ஓசை. அது நடைவழியின் அந்தக் கோடியில் கேட்டாலே இந்தக் கோடியில் உள்ளவர்கள் கோப்பைத் திறந்துகொள்வார்கள்.

"ஐயோ மாமா, காலு பிரமாதம்!" மச்சினி கை தட்டினாள். "உயிரே இருக்கு. இப்ப நடந்து வந்துடும்போல."

அவருக்கும் அதுதான் பயம்.

"சரி, இந்தத் தலையையும் காலையும் சேத்து நடுவுல உடம்பு போடுங்க."

பென்சில் நின்றது. கழுத்துக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் தூரத்திலிருந்து தலையைப் பார்ப்பார். அறையில் கிட்டத்திலிருந்து காலைப் பார்ப்பார். நடுவில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும், ஆனால் பார்த்த ஞாபகமில்லை.

"வரலையா? விடுங்க. கையில பெரிய பலகை ஒண்ணக் குடுத்துடலாம். கேக்குல நாங்களும் அப்படித்தான், கழுத்துக்குக் கீழ வரலைன்னா ஒரு கொத்து பலூன வச்சு மறச்சிடுவோம்."

ஆகவே மிஸ்டர் பத்திரம் ஒரு தலை, ஒரு பலகை, இரண்டு கால்கள் என்று உருவானார். பலகையில் 'பார்த்து நட' என்று எழுதலாம் என்று முடிவாயிற்று.

"எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்களே," என்றார் அவர்.

"மேல ஒரு ஹெல்மெட்ட வச்சுடுங்க மாமா. ஹெல்மெட் போட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

*

ஹெல்மெட் போட்டாலும் எல்லாரும் ஒன்றல்ல என்பது சுவரில் வரைந்து முடித்ததும் தெரிந்துபோயிற்று. காகிதத்தில் உள்ளங்கை அளவாக இருந்த பயம் சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றது. சட்டென்று அதன் மேல் தார்ப்பாயைத் தொங்கவிட்டார்.

முதலில் எட்டிப் பார்த்தவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் பேசினாலே வண்டிக்குத் தனியாக ஹாரன் தேவைப்படாது என்பதால் ஆலை முழுக்க அவனுக்கு ஹாரன் என்றே பெயர். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினான். உள்ளே தலையை விட்டான். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை.

"சார்," என்றான் கடைசியில். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு மெதுவாகப் பேசியிருக்க மாட்டான். "மனசுல இருக்கறத சுவத்துலயா சார் எறக்கி வைப்பாங்க?"

"யாரு மாதிரியாவது இருக்கா?"

"ச்சேச்சே! யாரு மாதிரியும் இல்ல சார். ஆனா பாத்தவுடனே எனக்கு லீவ் கேக்கணும்னு தோணுது."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வருவார்கள், தார்ப்பாயைத் தூக்குவார்கள், வாயைப் பொத்திக்கொண்டு அச்சுக் கூடத்துக்குள் ஓடுவார்கள். உள்ளேயிருந்து இயந்திரச் சத்தத்தையும் மீறி ஏதோ வெடிக்கும். ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை. பெயர் சொல்லத் தேவைப்படவில்லை என்பதுதான் அவர் குலையை நடுங்கவைத்தது. பாக்கிங் பிரிவு அம்மா ஒருத்தி தார்ப்பாயைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழித்துவிடலாம் என்று தீர்மானித்தார். எனாமல் பெயின்ட், துணியால் துடைத்தால் பளபளப்புதான் கூடியது. ஸ்டோரில் தின்னர் கேட்டார். தின்னர் தீப்பற்றுகிற சரக்கு, ஜி.எம். கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்றார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தது பாதுகாப்பு அதிகாரியாகிய அவரேதான்.

வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றபோது, பின்னால் கேட்டது.

ஙீச். ஙீச்.

"எங்க, ஒரு பார்வை பாத்துடறேன்," என்றார் ஜி.எம்.

பாதுகாப்பு அதிகாரி தார்ப்பாயின் இரண்டு முனைகளையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஜி.எம்., முகத்துக்கு முன்னால் ஒரு ஜி.எம். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அப்புறம்," என்றார்.

சொன்ன பிறகுதான் சொல்லிய சொல் எது என்று உறைத்தது. உள்ளே யாரோ வாளியைத் தவறவிட்டார்கள். ஜி.எம்.மின் புருவங்கள் கைகுலுக்கின.

"அப்புறமா... சேர்மனோட சேர்ந்து நீங்க பாத்தா... நல்லா இருக்கும் சார்."

புருவங்கள் பிரிந்தன. "அதுவும் சரிதான். கலைன்னா எனக்குப் பொறுமை உண்டு," என்றார் ஜி.எம். ஙீச், ஙீச் என்று தகட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். தகடு ஆடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

*

சேர்மன் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் விடுகிற இடங்களையெல்லாம் ஜி.எம். நிரப்பிவிடுவார். அன்று ஆலையே அச்சுக் கூடத்து வாசலில் கூடியிருந்தது. பாதுகாப்பு அதிகாரி காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. "வேலை போச்சுன்னா கேக் டெலிவரிக்கு ஆள் வேணும் மாமா, கவலைப்படாதீங்க," என்று மச்சினி வழியனுப்பியிருந்தாள். மனைவி சட்டைக் காலரை மட்டும் சரிசெய்தாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

சேர்மன் கயிற்றை இழுத்தார். தார்ப்பாய் விழுந்தது.

சேர்மன் படத்தைப் பார்த்தார். பிறகு ஜி.எம்.மைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரும்பவும் ஜி.எம்.மைப் பார்த்தார்.

ஜி.எம். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, யாருய்யா இந்தக் கோமாளி!"

பாதுகாப்பு அதிகாரிக்குக் காது அடைத்தது. அடையாளம் தெரியவில்லை! எல்லாரும் கண்ட முகத்தை முகத்துக்குச் சொந்தக்காரர் காணவில்லை. பிழைத்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஜி.எம். பேச ஆரம்பித்துவிட்டார், பேச ஆரம்பித்தால் அவர் முடிப்பதில்லை.

"பாத்தீங்களா சேர்மன் சார், கலைன்னா இது! நான்தான் ஐடியா குடுத்தேன். மூஞ்சியப் பாருங்க, உள்ள சரக்கு இருக்கற மூஞ்சியா இது? இந்த மாதிரி ஆளுதான் விழுவான். எங்க கால் வைக்கறோம்னே தெரியாதவன். காலப் பாருங்க, ஒண்ணு கிழக்க போவுது, ஒண்ணு மேற்க போவுது! இவன ஒருத்தன் வேலைக்கு வச்சிருந்தான்னா, வச்சவனச் சொல்லணும்!"

வேலைக்கு வைத்த சேர்மன் மெதுவாக இருமினார்.

யாரும் சிரிக்கவில்லை. சபை சிரிக்கவில்லை என்றால் அதற்கு விளங்கவில்லை என்பது ஜி.எம்.மின் கணக்கு. முழுப் படத்தையும் ஒரே பார்வையில் காட்டுவதற்காகக் கையை விரித்தபடி ஓரடி பின்னால் வைத்தார். "தள்ளி நின்னு பாக்கணும் சார்..." இன்னோர் அடி. ஙீச்.

பாதுகாப்பு அதிகாரியின் கண் தானாகக் கீழே போனது. திட்டு விழும் நேரத்தில் எப்போதும் போகிற இடத்துக்கு. அந்த இரண்டு பன்களுக்கும் பின்னால் தகட்டின் ஓரம் தெரிந்தது. தகட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ஹாரன் பார்த்தான், அவன் வாய் திறக்கவில்லை. பாக்கிங் அம்மா பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். சேர்மன் முன்னால் ஜி.எம். பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவதா? தும்மினதற்கே வேலை போன இடம் அது. பாதுகாப்பு அதிகாரியின் தொண்டையில் ஒரு சத்தம் மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது. கண்ணுக்குள் அந்தக் குவளை வந்தது. வாளியாகப் போய்க் குவளையாக வந்த குவளை.

ஜி.எம்.மின் வலது குதிகால் தகட்டின் ஓரத்தைத் தொட்டது.

"சார், கால்!"

அது அவர் குரல்தான் என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை. ஹாரன் போட்ட மாதிரி இருந்தது.

டங். தகட்டின் மறு ஓரம் எழுந்து நின்றது. ஜி.எம். வைத்த காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் உறைந்தார். பிறகு அந்தக் காலை மெல்ல முன்னால் இறக்கினார். குனிந்து பார்த்தார். கடிகார முட்களைப் போல இரண்டு பூட்ஸ்கள். நுனியில் ஒரு மடிப்பு. நீளமாகத் தொங்குகிற ஒரு நாடா.

தலையை நிமிர்த்தினார். எதிர்ச் சுவரில் கடிகார முட்களைப் போல இரண்டு பூட்ஸ்கள். நுனியில் ஒரு மடிப்பு. நீளமாகத் தொங்குகிற ஒரு நாடா.

அவர் பார்வை மெதுவாகச் சுவரில் மேலே ஏறியது. பலகையைத் தாண்டியது. தாடைக்கு வந்தது. அவர் கை தானாகத் தன் தாடையைத் தடவிக்கொண்டது.

கோமாளி என்று சொல்லியாயிற்று. சரக்கில்லாதவன் என்று சொல்லியாயிற்று. வேலைக்கு வைத்தவனையும் சொல்லியாயிற்று. எல்லாம் உரத்த குரலில், ஆலையே கேட்க.

"தகடு ஆடுதே," என்றார் சேர்மன்.

"ஆ... ஆமா சார். இப்பத்தான்..."

சேர்மன் அவரை விட்டுவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நல்லா வரஞ்சிருக்கீங்க. யாரப் பாத்து வரஞ்சீங்க?"

ஒரு வாரமாக அவர் கனவில் வந்து வியர்க்கவைத்த கேள்வி இதுதான். ஓடக் கால் இல்லை. தற்செயலாக அவர் கண், இதுவரை ஒருநாளும் போகாத இடத்துக்குப் போனது. ஜி.எம்.மின் தலைக்கும் காலுக்கும் நடுவே. அங்கே ஒரு வயிறு இருந்தது. அது சட்டைக்குள் வேகவேகமாக ஏறி இறங்கியது. விரல்கள் ஒரு பொத்தானைப் பிடித்துத் திருகித் திருகி அறுக்கப் பார்த்தன. அந்த வயிற்றை அவருக்குத் தெரியும். தினமும் குளிக்கும்போது பார்க்கிற வயிறு, பயந்தவன் வயிறு.

"யாரையும் பாத்து இல்ல சார்," என்றார். "தலைக்கு வட்டம், காலுக்குப் பன். அவ்வளவுதான்."

சேர்மன் ஜி.எம்.மைப் பார்த்தார். "அப்படியா?"

ஜி.எம்.மின் தலை ஆடியது. கேள்வி முடிவதற்கு முன்பே ஆட ஆரம்பித்திருந்தது.

"எனக்கென்னமோ தெரிஞ்ச முகம் மாதிரி இருக்கு," என்றார் சேர்மன். "ஜனங்க மனசுல நிக்கும். அழிச்சிடாதீங்க." பேனாவை வாங்கி, நின்ற இடத்திலேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். தகட்டை அகலமாகச் சுற்றிக்கொண்டு காருக்குப் போனார்.

*

சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். பர்மனன்ட் ஆனவருக்கு என்ன பயம் என்று யாரும் கேட்கலாம். பாதுகாப்பு அதிகாரியின் முழங்கால்களுக்கு ஆர்டர் இன்னும் போய்ச் சேரவில்லை.

அறையில் ஜி.எம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் இரண்டையும் மேசைக்கு அடியில் நேராக வைத்திருந்தார். முதல் நாள் பள்ளிக்குப் போகிற பிள்ளை வைத்துக்கொள்வதைப் போல, ஒட்டி, நேராக.

"அப்புறம்?" என்றார். பழைய வேகம் இல்லை. நிஜமாகவே அப்புறம் என்ன என்று தெரியாமல் கேட்டது போலிருந்தது.

பிறகு அவரே தொடர்ந்தார். "அந்த ஹெல்மெட்ட... இன்னும் கொஞ்சம் கீழ எறக்க முடியுமா? மூக்கு வரைக்கும். பாதுகாப்புக்குத்தான் சொல்றேன். முகத்துக்கும் பாதுகாப்பு வேணுமில்ல?"

பாதுகாப்பு அதிகாரிக்குப் பிடரியில் அந்தப் பழைய ஆட்டம் கிளம்புவது தெரிந்தது. பல்லைக் கடித்துத் தலையைப் பிடித்து நிறுத்தினார். கழுத்து வலித்தது.

"எறக்கிடலாம் சார். ஆனா தகட்ட மாத்தின பிறகு. அங்க நின்னு வரையணுமே... எனக்குப் பயமா இருக்கு சார்."

இத்தனை மாதத்தில் அந்த அறையில் அவர் சொன்ன முதல் முழு உண்மை அது. ஜி.எம். தொலைபேசியை எடுத்து, வெல்டரைக் கூப்பிட்டார்.

"ரிப்பேர்னு எழுதாதீங்க," என்றார் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு. "மேம்பாடுன்னு எழுதுங்க."

மறுநாளே கனமான புதுத் தகடு வந்து உட்கார்ந்தது. நான்கு மூலையிலும் பற்றவைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி முதலில் ஒரு காலை வைத்தார், பிறகு இன்னொன்றை, பிறகு யாரும் பார்க்காதபோது குதித்துப் பார்த்தார். அசையவில்லை. அதன் மேலேயே நின்றுகொண்டு மஞ்சள் பெயின்டில் தூரிகையை நனைத்து, மிஸ்டர் பத்திரத்தின் ஹெல்மெட்டை மூக்கு வரை இறக்கினார். கண் போயிற்று. கைகுலுக்குகிற புருவம் போயிற்று.

ஃபோர்க்லிஃப்ட் வந்து பக்கத்தில் நின்றது. ஹாரன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"மூஞ்சி சுத்தமாத் தெரியல சார்," என்றான். "காலு?"

நடைவழியின் அந்தக் கோடியில் ஓர் ஓசை கேட்டது. ஙீச். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஜி.எம். ஒவ்வோர் அடியாக, பாதங்களை நேராக வைத்துப் பழகிக்கொண்டே, கயிற்றின் மேல் நடப்பவரைப் போல வந்துகொண்டிருந்தார்.

பாதுகாப்பு அதிகாரி அவசரமாகத் தூரிகையைக் கழுவினார்.

"காலப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே," என்றார், உதடு அசையாமல்.